பதில் வாங்காத கை

சுதந்திர தினத்தன்று வெள்ளைக்கரடு கிராமத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்து நடந்த கிராம சபைக் கூட்டத்தில், ஒரு கேள்வி கேட்பதற்காகப் பஞ்சவர்ணம் தன் வலது கையைத் தூக்கினாள். தூக்கிய கை, கூட்டம் கலைந்து ஜமுக்காளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகும் இறங்கவில்லை.

பஞ்சவர்ணம் மேட்டுத்தெரு முக்கில் ரவிக்கை தைக்கிறவள். அவள் கேட்டதும் அப்படியொன்றும் பெரிய கேள்வியில்லை. மே தினத்துக் கூட்டத்தில், ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி கட்டுவதென்று ஊரே சேர்ந்து முடிவெடுத்திருந்தது. உச்சியில் நின்றால்தான் மேட்டுத்தெரு, நடுத்தெரு, காலனி என்று எல்லாப் பக்கமும் தண்ணீர் தானாக இறங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆடி மாதம் மண் தோண்டும் எந்திரம் வந்தபோது அது கரட்டில் ஏறாமல், ஊருக்குக் கீழே ஓடையோரத்துப் பள்ளத்தில் போய்த் தோண்டிவிட்டுத் திரும்பியது. தொட்டி பள்ளத்தில் நின்றால் மேட்டுத்தெருக் குழாயில் இனிமேலும் ஆட்டுக்குட்டி ஒன்றுக்குப் போகிற மாதிரிதான் தண்ணீர் விழும், காலனிக்கு அதுவும் விழாது.

"கரட்டு மேல கட்டுறதாச் சொன்ன டேங்க்க, யாரைக் கேட்டுப் பள்ளத்துக்கு மாத்துனீங்க?" என்று கையைத் தூக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் கேட்டாள்.

ஊராட்சித் தலைவர் சீனிராசுவைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த வீட்டுச் சாவுக்கும் முதல் மாலையோடு வந்து நிற்கிறவர். ஆனால் கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்கு அது கரண்டு போவது மாதிரி. தானாக வரும் வரைக்கும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கும் அவர் வானத்தைப் பார்த்தார். "ஆத்தா, மழை எறங்கப் போகுது. கேள்வியெல்லாம் அடுத்த கூட்டத்துல பாத்துக்கிருவோம்" என்றவர், மைக் செட்டுக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார். தேசிய கீதம் ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள், பஞ்சவர்ணம் தூக்கிய கையோடு எழுந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் வீட்டைப் பார்த்து ஓடினார்கள், அவள் கையை இறக்கப் பார்த்தாள், கை வரவில்லை.

இடது கையால் பிடித்து இழுத்தாள். அவளுடைய நாத்தனார் அழகுத்தாய் ஓடி வந்து, முருங்கைக் கிளையைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி தொங்கிப் பார்த்தாள். முருங்கையாக இருந்தால் ஒடிந்திருக்கும், கை அப்படியே நின்றது. அழகுத்தாய் மூச்சு வாங்கிக்கொண்டு சேலையைச் சரிசெய்தாள்.

"பதில் வாங்காம அது எப்படி மதினி எறங்கும்? பேசாம வாங்க, நனையாமப் போயிருவோம்" என்றாள்.

அதற்கு மேல் ஊரில் ஒருத்தரும் காரணம் தேடவில்லை. கேள்வி கேட்ட கை, பதில் வரவில்லை, அதனால் இறங்கவில்லை. நெல் விதைத்தால் நெல் முளைக்கிற மாதிரி அது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

பஞ்சவர்ணத்தின் புருஷன் தவசி, ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன், சாயங்காலம் மலையிறங்கி வந்து அவளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அவள் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா?"

"வலிக்கல. அதுபாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கு."

அவன் உள்ளே போய், படுத்தால் கை இடிக்காத அளவுக்குக் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டான். மறுநாள் ஜீப்பில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் தோளை அமுக்கி, முழங்கையைத் தட்டி, நரம்பும் எலும்பும் நன்றாக இருக்கின்றன என்றார். "எங்கயாச்சும் எதையாச்சும் கேட்டுட்டு வந்தீங்களா?" என்றும் விசாரித்தார். கேட்டேன் என்று அவள் சொன்னதும், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்படியாக ஒரு கை மேலே இருக்க, அவள் பிழைப்பு கீழே நடந்தது. ரவிக்கையில் கை நுழையவில்லை என்பதால் தோளில் கொக்கி வைத்துப் பிரித்து மாட்டுகிற மாதிரி தனக்கொரு ரவிக்கை தைத்துக்கொண்டாள், அதைப் பார்த்துவிட்டு நடுத்தெருப் பெண்கள் நாலு பேர் தங்களுக்கும் அதே மாடல் வேண்டும் என்றார்கள். ரோட்டோரத்தில் அவள் நடந்தால் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் நின்றன. கண்டக்டர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு அந்த இடத்தில் ஏறுவதற்கு எப்போதும் ரெண்டு பேராவது நிற்பதைப் பார்த்துவிட்டு, அதை ஒரு நிறுத்தமாகவே வைத்துக்கொண்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் விரலில் விழுந்து அக்குள் வழியாக இறங்கி இடுப்பை நனைத்தது. வெயில் அடித்தால் தட்டான்கள் ஆள்காட்டி விரலில் வந்து உட்கார்ந்தன. சந்தைக்குப் போனால் கூட்டத்தில் அவளைத் தொலைக்க முடியவில்லை என்று தவசி சந்தோஷப்பட்டான்.

ஆனால் அவளுக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. துண்டைப் போட்டுக் கையை மூடினாள், மூடிய கை இன்னும் அதிகமாகக் கண்ணில் பட்டது. ஒருநாள் துணி துவைக்கும் கல்லில், ஒற்றைக் கையால் போர்வையைப் பிழிய முடியாமல், அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "போதும், எனக்குப் பதிலே வேணாம். எறங்கித் தொலை" என்று கையைப் பார்த்துச் சொன்னாள். கை இறங்கவில்லை. ஈரப் போர்வையை வைத்துக்கொண்டு யோசித்தபோது அவளுக்குப் புரிந்தது: கேட்டது அவள்தான், ஆனால் கேள்வி அவளுடையது மட்டுமில்லை, அவளாக வேண்டாமென்று தள்ளிவிட முடியாது. பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த காலனிப் பெண் எழுந்து வந்து போர்வையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள். அதற்குப் பிறகு பஞ்சவர்ணம் துண்டு போட்டு மூடவில்லை.

ஆவணி பாதி கடந்தது. ஊரில் வரிசையாகக் கல்யாணம். மிஷினைக் காலால் மிதித்து இடது கையால் துணியைத் தள்ளித் தைத்துவிடுவாள், ஆனால் கத்தரிக்கோல் பிடிக்க வலது கை வேண்டும். ரவிக்கைத் துணிகள் மலையாகக் குவிந்தன. கல்யாண வீட்டுப் பெண்கள் தாங்களே வந்து, அவள் சொல்லச் சொல்ல வெட்டிக் கொடுத்தார்கள், ஒருத்தி வெட்ட, ஒருத்தி பட்டன் தைக்க, ஒருத்தி காஜா எடுக்க, முக்கிலிருந்த அந்தச் சின்னத் தையல் அறை பகலெல்லாம் நிறைந்து வழிந்தது. எதிர் முக்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் கம்பராயன் டீ போட்டுக் கொடுத்தே களைத்துப்போனார். நிறைந்த இடத்தில் பேச்சு சும்மா இருக்குமா? முதலில் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசினார்கள், பிறகு தண்ணீரைப் பற்றி, பிறகு தொட்டியைப் பற்றி. கிராம சபை என்றால் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவது என்றிருந்தவர்கள், மே தினத்தன்று யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். காலனியில் அன்றைக்கு யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடப்படவில்லை என்பது அந்த அறையில்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. "அடுத்த தடவ நாங்க வந்து கூப்பிடுறோம்" என்று அழகுத்தாய் சொன்னாள், சொன்னபடி செய்தாள்.

தலைவர் சீனிராசுவுக்குத்தான் பெரும்பாடு. மேட்டுத்தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனார். எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏதாவதொரு சுவருக்கு மேலே அந்தக் கை தெரிந்தது. கடைசியில் ஒருநாள் பைக்கைக் கம்பராயன் கடையில் நிறுத்திவிட்டு, தையல் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, பதிலு தானே வேணும்? மேலிடத்து உத்தரவு. போதுமா?"

எல்லோரும் கையைப் பார்த்தார்கள். கை அசையவில்லை.

"கரட்டு மண்ணு சரியில்லையாம். பாரம் தாங்காதாம்."

கை முன்னைவிட ஒரு விரற்கடை உயர்ந்தது. வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சீனிராசு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போடப்பட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். மிஷின் நின்றுவிட்டது.

"நெசமாச் சொல்லவா? யாரு மாத்துனாங்கன்னு எனக்கே தெரியாது. குழி தோண்டுன பெறகுதான் எனக்கும் தெரியும். கேக்கப் போனா, தலைவருக்கே தெரியாதான்னு ஊரு சிரிக்கும்னு இருந்துட்டேன்."

பஞ்சவர்ணத்தின் சுண்டுவிரல் மெதுவாக மடங்கியது.

எல்லோரும் அடுத்த விரலைப் பார்த்தார்கள். சுண்டுவிரலோடு நின்றுவிட்டது. ஆனாலும் அது மடங்கியதைக் கண்ட சீனிராசுவுக்கு, இத்தனை வருஷப் பதவியில் இல்லாத ஒரு தைரியம் வந்துவிட்டது. "காந்தி ஜெயந்திக் கூட்டத்துக்கு இஞ்சினியரக் கூட்டியாறேன். வரலைன்னா அவரு ஆபீஸ் வாசல்லயே உக்காந்துக்கிறேன்" என்று எழுந்தார்.

உட்கார வேண்டியிருக்கவில்லை. ஒன்றியத்திலிருந்து இஞ்சினியர் ஞானதுரை, வயது முப்பதுக்குள் இருக்கும், தன் பைக்கிலேயே வந்து சேர்ந்தார். வேப்பமரத்தடி கொள்ளவில்லை. காலனி வந்திருந்தது, நடுத்தெரு வந்திருந்தது, வேலைக்குப் போகாமல் தவசியின் ஜீப்பும் அதில் போகிற ஆட்களும் வந்திருந்தார்கள். ஜமுக்காளம் போதாமல் வீட்டுக்கு வீடு பாய் கொண்டுவந்து விரித்தார்கள். முன்வரிசையில் நாலு விரலை நீட்டிக்கொண்டு பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள்.

ஞானதுரை முதலில் நீர்மட்டம், அழுத்தம், குழாய் விட்டம் என்று ஆரம்பித்தார். கை அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, கரட்டுக்கு ஏற ஒரே வழி மேட்டுத்தெருதான். கான்கிரீட் லாரி அந்த முக்குல திரும்பாது. திரும்பணும்னா உங்க தையல் ரூம எடுக்கணும். நான் பாக்க வந்த அன்னைக்கு நீங்க உள்ள உக்காந்து தச்சிக்கிட்டிருந்தீங்க. சொந்த எடத்துல கட்டியிருக்கிற ரூம். எடுக்கச் சொன்னா தர மாட்டீங்க, சண்டை வரும், கேஸ் வரும், வேலை வருசக்கணக்கா இழுக்கும்னு நானா நெனச்சுக்கிட்டேன். பள்ளத்துல குறுக்க யாரும் இல்ல. அதனால மாத்துனேன். மாத்துனது நான்தான்."

மோதிர விரல் மடங்கியது. நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல். மணிக்கட்டு சாய்ந்தது, முழங்கை தளர்ந்தது, தோள் இறங்கியது, யாரோ தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்ட மாதிரி கை அவள் மடியில் வந்து கிடந்தது. ஒருத்தரும் கைதட்டவில்லை. எல்லோரும் இப்போது கையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மேட்டுத்தெரு முக்கைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் யாரோ செய்த தப்பு என்று தேடிக்கொண்டிருந்தது, கடைசியில் தன் வாசற்படியில் வந்து நிற்கிறது. அந்த அறை, ஊரார் ரவிக்கையைத் தைத்துத் தைத்து அவள் எழுப்பியது. இந்தக் கல் தீபாவளிக்கு, அந்தக் கல் பொங்கலுக்கு என்று சுவரைத் தடவியே சொல்வாள். வெளிச்சம் ஊசிமுனையில் விழ வேண்டும் என்று தானே நின்று சன்னல் வைத்தவள்.

பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப விடுங்கப்பா, பொம்பளை பொழப்புல மண்ணப் போட வேணாம். பள்ளத்துலயே இருக்கட்டும்" என்றது. நல்ல மனசோடுதான் சொன்னது. ஆனால் அதைக் கேட்டதும் பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்றாள்.

"இஞ்சினியர் சார், நான் தர மாட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"என்னையக் கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"இப்பக் கேளுங்க."

ஞானதுரை எழுந்தார். "அம்மா, கரட்டு மேல டேங்க் கட்ட, உங்க ரூமத் தருவீங்களா?"

"முழுசாத் தர மாட்டேன்" என்றாள் பஞ்சவர்ணம். "வாங்க, எவ்வளவு வேணும்னு அங்க போய்ப் பாப்போம்."

அவ்வளவுதான், கிராம சபை எழுந்து நடந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மைக்கையும் கழற்றிக்கொண்டு, தலைவர் முன்னால் போக இஞ்சினியர் பின்னால் போக, சபை மேட்டுத்தெரு முக்குக்கு வந்து சேர்ந்தது. கயிறு பிடித்து அளந்தார்கள். சாக்கட்டியால் தரையில் லாரி வரைந்தார்கள். அறையில் பாதியை எடுத்தாலும் வரைந்த லாரி திரும்பவில்லை. கம்பராயன் தன் கடைக்கு முன்னாலிருந்த படிக்கட்டில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தவர், சட்டென்று இறங்கினார்.

"என் படியையும் எடுத்துக்கங்க. ஏறி வர்ற ஆளு பலகையில ஏறி வரட்டும்."

மறுபடி அளந்தார்கள். இந்தப் பக்கம் படி போனால் அந்தப் பக்கம் அறையில் பாதி போதும். லாரி திரும்பியது.

பஞ்சவர்ணம் மைக்கை வாங்கினாள். "பாதி தாறேன். இடிக்கிற செவுத்துக்குப் பதிலா உள்ள தள்ளி ஒரு செவுரு ஊராட்சி கட்டித் தரணும். சன்னலு கிழக்க பாத்து இருக்கணும். காலனிக்குத் தண்ணி மொத நாளே போகணும். மூணையும் தீர்மானத்துல எழுதணும்."

"ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் சீனிராசு.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தூக்கிய கை இறங்காவிட்டால்? நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், பால் கறக்க வேண்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். பஞ்சவர்ணம் தன் வலது கையைப் பார்த்தாள். அது இன்னும் மரத்துப்போய்த்தான் இருந்தது. அதையே தூக்கினாள். அழகுத்தாய் தூக்கினாள், தவசி தூக்கினான், பிறகு முக்கு முழுக்கக் கைகள்.

"சரி, எறக்கலாம்."

யாரும் இறக்கவில்லை.

"எழுதுங்க தலைவரே" என்றாள் அழகுத்தாய். "எழுதி, மைக்குல வாசிங்க. கேட்டுட்டு நாங்களா எறக்குறோம்."

அப்படியே எழுதினார்கள், வாசித்தார்கள், சன்னல் கிழக்கே என்பது விட்டுப்போனதால் மறுபடி எழுதி மறுபடி வாசித்தார்கள். அதற்குப் பிறகுதான் கைகள், மழை ஓய்கிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இறங்கின. ஒரு கை மட்டும் நின்றது. கூட்டத்தோடு கூட்டமாகத் தூக்கிய தலைவர் சீனிராசுவின் கை.

"தலைவரு என்னமோ கேக்கணும்போல" என்றார் கம்பராயன்.

சீனிராசு கூச்சத்தோடு நெளிந்தார். பிறகு கேட்டேவிட்டார்: "அடுத்த கூட்டத்துக்கும் இம்புட்டுப் பேரும் வருவீங்களா?"

வருவோம், வருவோம் என்று எல்லோரும் கத்தினார்கள். கை இறங்கவில்லை. வாயால் சொல்லித் தீருகிற கேள்வியில்லை அது என்று ஊருக்கு உடனே விளங்கிவிட்டது.

ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை தொடங்கியது. அறையை இடிக்கிற அன்றைக்கு, கடப்பாரையைத் தவசியிடமிருந்து வாங்கிப் பஞ்சவர்ணமே முதல் கல்லைப் பெயர்த்தாள், பெயர்த்த கல்லை எறியாமல் உள்ளே எழும்பப்போகும் சுவருக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். கான்கிரீட் லாரி முக்கில் திரும்பியபோது இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சமிருந்தது. பள்ளத்தில் தோண்டிய குழியில் மழைத் தண்ணீர் நிறைந்து தவளைகள் குடியேறின. இதையெல்லாம் சீனிராசு ஒரு கையைத் தூக்கிக்கொண்டுதான் மேற்பார்வையிட்டார். அவருக்குத் தோளில் கொக்கி வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்தவள் பஞ்சவர்ணம். வேறு ஊர்த் தலைவர்கள் விசாரித்தால், "ஊரு பதில் சொல்லணும், காத்துக்கிட்டிருக்கேன்" என்பார், அதில் ஒரு பெருமையும் இருந்தது.

நவம்பர் முதல் தேதி, உள்ளாட்சி தினத்துக் கூட்டம். விடிந்ததிலிருந்தே தூறல். வேப்பமரத்தடி சேறாகிவிட்டதால் பள்ளிக்கூடத்துத் தாழ்வார நடையில் ஜமுக்காளத்தைப் போட்டுவிட்டு, சீனிராசு தனியாக நின்றார். மழைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே தெருவையும் பார்த்தார். முதலில் ஒரு குடை தெரிந்தது. பின்னால் உரச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்துக்கொண்டு நாலு பேர். காலனிப் பக்கமிருந்து பெரிய தார்ப்பாய் ஒன்று நடந்து வந்தது, அதற்கடியில் ஒரு தெருவே இருந்தது. அழகுத்தாய் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டு வர, தவசியின் ஜீப்பில் நடக்க முடியாதவர்கள் வந்து இறங்கினார்கள். நடை நிறைந்தது, வகுப்பறைகள் நிறைந்தன, சன்னல் கம்பிகளில் முகங்கள் நிறைந்தன.

சீனிராசு வரவேற்கப் போனார். இரண்டு கையையும் கூப்பிய பிறகுதான், கூப்பியது இரண்டு கை என்பது அவருக்குத் தெரிந்தது.